கொஞ்சம் பாத்துக்கோங்க

“எனக்குப் பொறுமை பத்தலையாம். கொஞ்சம் கத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க.”

மடத்துக்கு வந்து உக்காந்ததும் டாக்டரம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான். கும்பிடுகூட அப்புறம்தான் போட்டாங்க.

மடத்தை நடத்தற மடத்தம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தாங்க. நிமிரலை.

“யாரு சொன்னா?”

“எங்க ஆஸ்பத்திரி சூப்பிரண்டு.”

“அவருக்குப் பொறுமை உண்டா?”

“ரொம்ப. நாங்க படற பாட்டையெல்லாம் பொறுமையாப் பாத்துக்கிட்டே இருக்காரு.”

மடத்தம்மா இப்ப நிமிர்ந்தாங்க.

டாக்டரம்மா பேரு மங்கையர்க்கரசி. ஜில்லா ஆஸ்பத்திரியில பொது வார்டு. வயசு ஐம்பதை நெருங்குது. மடத்தம்மா அவங்களைவிடப் பத்து வயசாவது சின்னவங்க. இவங்ககிட்டப் போய்க் கைகட்டி உக்காரணுமான்னு டாக்டரம்மாவுக்கு ஒரு கூச்சம் இருந்துச்சு. ஆனா மலையடிவாரத்து மடத்துக்குப் போனா மனசு அடங்கும்னு ஊரே சொல்லுது. அடங்கற நிலைமையில மனசு இல்லை, இருந்தாலும் போய்த்தான் பாப்போமேன்னு ஞாயித்துக்கிழமை காலையில பஸ் ஏறி வந்துட்டாங்க.

“என்ன ஆச்சு? சொல்லுங்க டாக்டரம்மா.”

சொன்னாங்க. கேட்டா உங்களுக்கும் வயிறு எரியும்.

அந்த ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் மாத்தலாகிப் போனாரு. இன்னொருத்தர் ரிட்டையர் ஆனாரு. நாற்காலி ரெண்டும் காலி. கட்டில் மட்டும் காலி ஆகலை. சூப்பிரண்டு வந்து, “ஆள் வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா”ன்னாரு. டாக்டரம்மா, “பாத்துக்கறேன் சார்”ன்னாங்க. அவ்வளவுதான். அந்த ‘வரைக்கும்’ இன்னும் முடியலை.

சூப்பிரண்டும் டாக்டர்தான். படிச்சவர்தான். ஆனா அந்த நாற்காலியில உக்காந்த பிறகு ஒரு நோயாளியோட மணிக்கட்டைத் தொட்டிருப்பாரா? மாட்டாரு. வார்டு வாசப்படி வரைக்கும் வருவாரு. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிப்பாரு. “கொஞ்சம் பாத்துக்கோங்க.” திரும்பிப் போயிடுவாரு.

“தூக்கம்?” மடத்தம்மா கேட்டாங்க.

“வருது. எழுதிக்கிட்டிருக்கும்போது வருது.”

அப்படி வந்தப்ப நடந்ததையும் சொன்னாங்க. போன வாரம், சர்க்கரைக்காரர் ஒருத்தருக்குப் போட வேண்டிய இன்சுலினை, பக்கத்துக் கட்டில்ல வாந்தியோட கிடந்த பொண்ணோட சீட்டுல எழுதிட்டாங்க. சிஸ்டர் எஸ்தர் அதைக் கையில வச்சுக்கிட்டு வந்து, மெதுவா, “டாக்டரம்மா, இது இந்தப் புள்ளைக்கா?”ன்னு கேட்டாங்க. கேட்டதால அந்தப் பொண்ணு பிழைச்சுது. மறுநாள் குணமாகி, டாக்டரம்மாவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் குடுத்துட்டு, சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போச்சு.

“அந்தப் பழத்தை என்னால சாப்பிட முடியலைம்மா. நான் அவளைக் கொல்லப் பாத்தவ.”

“சூப்பிரண்டுகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். களைப்பா இருக்கு சார், கை தப்பிப் போகுதுன்னு சொன்னேன். உடனே ஏற்பாடு பண்ணிட்டாரு.”

“ஆளுக்கா?”

“முகாமுக்கு.”

மனவலிமை முகாமாம். வெளியூர்லேருந்து கோட்டு சூட்டு போட்ட ஒருத்தரு வந்தாரு. டாக்டர், நர்ஸ் எல்லாரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு பலூன் குடுத்தாரு. ஊதச் சொன்னாரு. மனபாரத்தையெல்லாம் அதுக்குள்ள ஊதியாச்சா, இப்ப உடைங்கன்னாரு. எல்லாரும் உடைச்சாங்க. வெடிச்ச சத்தத்துல பக்கத்து வார்டுல நெஞ்சுவலின்னு படுத்திருந்த பெரியவர் எழுந்து உக்காந்துட்டாரு. அவரை ஓடிப்போய்ப் பாத்ததும் இதே டாக்டரம்மாதான். திரும்பி வந்தா, பாதியில எழுந்து போனவங்களுக்கு மனவலிமை போதாதுன்னு கோட்டுக்காரர் பேசிக்கிட்டிருக்காரு. சூப்பிரண்டு தலையை ஆட்டுறாரு.

வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சற மாதிரி, அன்னிக்கு சாயங்காலமே இன்னொரு சேதி. திங்கக்கிழமையிலேருந்து காய்ச்சல் வார்டையும் டாக்டரம்மாவே பாத்துக்கணுமாம். கொஞ்சம்தானாம்.

“ரெண்டு வார்டையும் பாத்தா, நான் யாரையாவது கொன்னுடுவேன்,” டாக்டரம்மா சொன்னாங்க. “பாக்கலைன்னா அவங்க தானாச் செத்துப் போவாங்க. விடிஞ்சா திங்கக்கிழமை. அதுக்குள்ள எனக்குப் பொறுமை வேணும். குடுங்க.”

மடத்தம்மா கீரைத் தட்டைத் தள்ளி வச்சாங்க.

“இன்னிக்குப் பொழுது இங்க இருங்க. இருக்கற பொறுமை எவ்வளவுன்னு முதல்ல பாப்போம்.”

சொல்லிட்டு, எழுந்து போய் மண்டபத்துத் தூணோரமா உக்காந்துக்கிட்டாங்க. ரெண்டு கையும் மடியில. வேற வேலை இல்லை.

சரி, தியானம் ஏதோ சொல்லித் தரப் போறாங்க போலன்னு டாக்டரம்மாவும் மண்டபத்துல சம்மணம் போட்டு உக்காந்தாங்க. இடது பக்கம் சமையல்கட்டு. எதிர்ல முற்றம். வலது பக்கம் நாலஞ்சு படி இறங்கினா குளம். காத்து நல்லா வந்துச்சு. கண்ணை மூடினாங்க.

“அம்மா.”

கண்ணைத் தொறந்தா சமையல்காரர்.

“கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். அடுப்புல பால் இருக்கு. கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா.”

“பாத்துக்கறேன்.”

பழக்க தோஷம். கேட்டவங்க வாயை மூடறதுக்குள்ள பதில் வந்துடும். டாக்டரம்மா அடுப்பைப் பாத்துத் திரும்பி உக்காந்தாங்க.

முற்றத்துல வடகம் பிழிஞ்சு காயப்போட்ட அக்கா வந்தாங்க. “காக்கா தொல்லை தாங்கலை. நான் குளிச்சுட்டு வந்துடறேன். கொஞ்சம் பாத்துக்கோங்க.”

“பாத்துக்கறேன்.”

மாட்டுக்காரர் வந்தாரு. “கன்னுக்குட்டி, கட்டியிருக்கற முளைக்குச்சியைப் பிடுங்கப் பாக்குது. பிடுங்கிச்சுன்னா தாய்கிட்ட ஓடிப் பாலைக் குடிச்சுத் தீத்துடும். ஒரு புல்லுக்கட்டு அறுத்துட்டு ஓடியாந்துடறேன். கொஞ்சம் பாத்துக்கோங்க.”

“சரிங்க.”

தூணோரமா ஒருத்தங்க சும்மா உக்காந்திருக்காங்களே, அவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா? கேக்கலை. சும்மா இருக்கறவங்ககிட்ட யாரும் வேலை சொல்ல மாட்டாங்க. ஏற்கெனவே எவ சுமக்கறாளோ அவ தலையிலதான் இன்னொண்ணையும் வைப்பாங்க. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு சும்மாவா சொன்னாங்க.

கடைசியா ஒரு சின்ன வயசு அம்மா வந்துச்சு. கையில தூங்கற குழந்தை.

“ஆஸ்பத்திரி மங்கை டாக்டர்தானே நீங்க? அப்ப எனக்குக் கவலையே இல்லை. மலைமேல கோயிலுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன். இவனைக் கொஞ்சம் பாத்துக்கோங்க.”

டாக்டரம்மா வாயைத் தொறந்தாங்க. ஒரு நிமிஷம், அதுல வேற ஏதோ வார்த்தை வரும்போல இருந்துச்சு.

“பாத்துக்கறேன்மா,” அப்படின்னாங்க.

அந்த அம்மா குழந்தையை மண்டபத்துல ஒரு துண்டை விரிச்சுப் படுக்க வச்சுட்டு, “நீங்க ரொம்ப நல்லவங்க”ன்னு சொல்லிட்டுப் போச்சு. நல்லவங்கன்னு சொன்னாங்கன்னா சுதாரிச்சுக்கணும். வேலை முடியலைன்னு அர்த்தம்.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. பாலை ஒரு கண்ணு, வடகத்தை ஒரு கண்ணு. கன்னுக்குட்டிக்குக் காது. குழந்தைக்குக் கை. அப்பப்ப எழுந்து போய்க் காக்காயை விரட்டிட்டு, ஓடி வந்து அடுப்பைத் தணிச்சுட்டு, திரும்பி வந்து குழந்தைமேல உக்காந்த ஈயை ஓட்டினாங்க. தாகம் எடுத்துச்சு. தண்ணி குடிக்கப் போகலை. அதுவும் ஆஸ்பத்திரிப் பழக்கம்தான்.

அப்புறம் எல்லாம் ஒரே சமயத்துல நடந்துச்சு. எப்பவும் அப்படித்தானே நடக்கும்.

முளை பிடுங்கிக்கிச்சு. கன்னுக்குட்டி துள்ளிக்கிட்டு வடகத்துமேலயே ஓடிச்சு. அதைப் பிடிக்க டாக்டரம்மா முற்றத்துல இறங்கினாங்க. அடுப்புல பால் சீறுற சத்தம் கேட்டுச்சு. அங்க திரும்பினாங்க. திரும்பும்போது துண்டு கண்ணுல பட்டுச்சு.

வெறும் துண்டு.

குழந்தை முழிச்சு, தவழ்ந்து, குளத்துப் படிக்குப் போயிடுச்சு. முதல் படியில முட்டியை வச்சு, ரெண்டாவது படிக்குக் கையை நீட்டிக்கிட்டிருக்கு.

பாலாவது வடகமாவது. டாக்டரம்மா ஓடின ஓட்டம் அவங்க வயசுக்கு ஓடற ஓட்டம் இல்லை. சட்டையைப் பிடிச்சு இழுத்து, குழந்தையை மார்போட அணைச்சுக்கிட்டு, படியிலயே உக்காந்துட்டாங்க. அடிபட்டிருக்கான்னு தடவிப் பாத்தாங்க. முட்டியில சிராய்ப்பு மட்டும்தான்.

அப்புறம்தான் கீழ பாத்தாங்க.

கடைசிப் படியில, முழங்கால் தண்ணியில, மடத்தம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. ரெண்டு கையையும் ஏந்தின மாதிரி நீட்டிக்கிட்டு. எப்ப எழுந்தாங்க, எப்ப இறங்கினாங்கன்னு தெரியலை.

அதுக்குள்ள ஒவ்வொருத்தரா வந்து சேந்தாங்க. வந்தவங்க என்ன சொன்னாங்கன்னு நினைக்கறீங்க?

“பால் பூரா அடுப்புல போச்சே. பாத்துக்கச் சொன்னேனேம்மா.”

“வடகத்தைப் பாருங்க, குளம்பு குளம்பாப் பதிஞ்சு கிடக்கு.”

“காம்புல ஒரு சொட்டு மிச்சமில்லை.”

குழந்தையோட அம்மா, முட்டியில இருந்த சிராய்ப்பைத் தடவிக்கிட்டே, “டாக்டர்னு நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்”னு சொல்லிச்சு.

குட்டக் குட்டக் குனியறவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டறவனும் முட்டாள். டாக்டரம்மா இத்தனை வருஷமாக் குனிஞ்சவங்க. அன்னிக்கு நிமிர்ந்தாங்க.

“என்ன நம்பினீங்க? எனக்கு எத்தனை கண்ணுன்னு நம்பினீங்க? பாலுக்கும் நான், காக்காய்க்கும் நான், கன்னுக்குட்டிக்கும் நான், பெத்த புள்ளைக்கும் நானா? உயிரோட புள்ளையைக் கையில குடுத்திருக்கேன், நீ சிராய்ப்பைக் காட்டறியா?”

சமையல்காரர் பால் பாத்திரத்தை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டாரு.

டாக்டரம்மாவுக்கு ஆத்திரம் அடங்கலை. குளத்துப் பக்கம் திரும்பினாங்க.

“நீங்க? நீங்க இங்கேயேதானே இருந்தீங்க. கையை மடியில வச்சுக்கிட்டு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. நான் அல்லாடினது தெரியலையா?”

“தெரிஞ்சுது.”

“அப்ப ஏன் ஒரு கை குடுக்கலை?”

“நீங்க கேக்கலையே.”

“கேட்டாத்தான் செய்வீங்களா? உங்களுக்குக் கண்ணு இல்லையா?”

“இருக்கு,” மடத்தம்மா சொன்னாங்க. “உங்க சூப்பிரண்டுக்கும் இருக்கு.”

டாக்டரம்மா படியிலயே திரும்ப உக்காந்தாங்க.

மடத்தம்மா புடவையைப் பிழிஞ்சுக்கிட்டே படியேறி வந்தாங்க. வந்து பக்கத்துல உக்காந்தாங்க.

“புள்ளை தவறியிருந்தா நான் பிடிச்சிருப்பேன். உங்க ஆஸ்பத்திரியில கீழ்ப்படியில யாரு நிக்கறாங்க?”

சிஸ்டர் எஸ்தர். டாக்டரம்மா பேரைச் சொல்லலை, நினைச்சுக்கிட்டாங்க. அந்தம்மாவும் ரிட்டையர் ஆகப் போறாங்க. அந்த நாற்காலிக்கும் ஆள் வரப்போறதில்லை.

வெயில் சாய ஆரம்பிச்சுது. மடத்தம்மா ஒரு செம்புல தண்ணி கொண்டு வந்து குடுத்தாங்க. டாக்டரம்மா கடகடன்னு குடிச்சாங்க. இன்னொரு செம்பு கேட்டாங்க. மண்டபத்துல உக்காந்ததுலேருந்து அவங்க வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான்.

“பொறுமை கேட்டு வந்தீங்களே,” மடத்தம்மா சொன்னாங்க. “குடுக்கட்டுமா?”

“வேண்டாம்மா. இருக்கறதே அதிகம்.”

திங்கக்கிழமை காலையில சூப்பிரண்டு வந்தாரு. வழக்கம்போல வார்டு வாசப்படி. வழக்கம்போல கை பின்னால.

“எங்க போயிட்டு வந்தீங்கம்மா, முகமே தெளிவா இருக்கு. நல்லது. இன்னியிலேருந்து காய்ச்சல் வார்டையும் கொஞ்சம் பாத்துக்கோங்க. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா? உங்க உடம்பையும் பாத்துக்கோங்க.”

“பாத்துக்…”

பாதி வார்த்தை வந்துடுச்சு. வருஷக்கணக்கா வந்த வார்த்தை, சட்டுன்னு நிக்குமா? டாக்டரம்மா பல்லைக் கடிச்சு மீதியை முழுங்கினாங்க.

அப்புறம் சூப்பிரண்டை ஒரு தடவை சுத்தி வந்தாங்க. பின்னால கட்டியிருந்த கையைப் பாத்தாங்க. ரெண்டும் காலி. நல்ல கைங்கதான். எந்தக் குறையும் இல்லை.

கழுத்துல இருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழட்டி, கல்யாண மாலை மாதிரி அவர் கழுத்துல போட்டாங்க.

“சார், காய்ச்சல் வார்டை நீங்க கொஞ்சம் பாத்துக்கோங்க.”

“நானா?”

“டாக்டர்தானே சார் நீங்க?”

“இல்லம்மா, எனக்கு ஆபீஸ் வேலை தலைக்குமேல… தவிர, நோயாளியைத் தொட்டு வருஷமாச்சு. ஏதாவது தப்பாயிடுச்சுன்னா…”

“பயமா இருக்கா சார்?”

சூப்பிரண்டு கழுத்துல தொங்கினதைத் தொட்டுப் பாத்தாரு.

“எனக்கும் இருக்கு. தினமும் இருக்கு. களைப்புன்னு சொன்னேனே, அது இதுதான். நீங்க அதுக்குப் பலூன் வாங்கிக் குடுத்தீங்க.” டாக்டரம்மா குரலைத் தணிச்சுக்கிட்டாங்க. “இந்த வார்டை நான் பாக்கறேன். பக்கத்துலதான் இருப்பேன். சந்தேகம் வந்தா என்னைக் கேளுங்க. கேக்கறதுல தப்பில்லை சார்.”

காய்ச்சல் வார்டு எதிர்க் கதவு. அங்க காத்துக்கிட்டிருந்த கூட்டம் கழுத்துல தொங்கற ஸ்டெதாஸ்கோப்பைப் பாத்துடுச்சு. “டாக்டர் வந்தாச்சு, டாக்டர் வந்தாச்சு”ன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டு எழுந்துச்சு. ஒரு பெரியம்மா வந்து அவர் கையைப் பிடிச்சுத் தன் நெத்தியில வச்சுக்கிட்டாங்க. “ராத்திரியெல்லாம் கொதிக்குதுய்யா”ன்னாங்க. பிடிச்ச கையை விடலை.

சிஸ்டர் எஸ்தர் ஒண்ணும் பேசாம ஒரு நாற்காலியைத் தூக்கிட்டுப் போய் அங்க போட்டாங்க.

சூப்பிரண்டு உக்காந்தாரு. வேற வழியில்லை. முதல் ஆளை ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் கை கொஞ்சம் கொஞ்சமாப் பழகிச்சு. நடுவுல ரெண்டு தடவை எழுந்து வந்து டாக்டரம்மாகிட்ட கேட்டாரு. அவங்க சொன்னாங்க. வரிசை குறையற வழியைக் காணோம். ஒருத்தர் போனா மூணு பேர் வந்தாங்க. அவருக்குத் தாகம் எடுத்துச்சு. தண்ணி குடிக்க எழுந்திருக்க முடியலை.

உச்சி வெயில் நேரத்துல, சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டிருக்க, ஒரு கையில ஸ்டெதாஸ்கோப்பும் ஒரு கையில போனுமா வெளிய வந்தாரு. மேலிடத்துக்குப் பேசினாரு. ரெண்டு டாக்டர் நாற்காலி காலியா இருக்குன்னாரு. சீக்கிரமே ஒரு சிஸ்டர் நாற்காலியும் காலியாகப் போகுதுன்னாரு. ஆள் வேணும்னாரு. போன்ல வந்த குரல் டாக்டரம்மாவுக்கே நல்லாக் கேட்டுச்சு. அவ்வளவு சாவகாசமான குரல்.

“ஆள் வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கோங்கய்யா.”

சூப்பிரண்டு திரும்பி வரிசையைப் பாத்தாரு. டாக்டரம்மாவைப் பாத்தாரு.

“முடியாதுங்க ஐயா,” அப்படின்னாரு. “நீங்க கிளம்பி வந்து பாத்துக்கோங்க.”